எதிர் வீட்டு ட்ராலி

"பாருங்க, பாருங்க! இன்னிக்கும் ரொம்பி வழியுது."

சூப்பர் மார்க்கெட்டில் சோப்பு அடுக்குக்குப் பின்னால் நின்று மனைவி கிசுகிசுத்தாள். பஸ் டிரைவர் எட்டிப் பார்த்தார்.

எதிர் வீட்டுக் குடும்பம் ட்ராலியைத் தள்ளிக்கொண்டு போனது. காபி மெஷின், மெத்தை விரிப்பு, ரிமோட் கார், பெரிய சாக்லேட் டப்பா. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு ஜோடி கறுப்பு ஷூ.

"பொண்ணுக்குப் புது ஷூ வேற! ஒரே டிப்போ, ஒரே பஸ். காலையில நீங்க ஓட்டுறீங்க, மத்தியானத்துக்கு மேல அவர் ஓட்டுறார். சம்பளமும் ஒண்ணு. அப்புறம் எப்படிங்க?"

"எனக்கென்ன தெரியும்? அவர்கிட்ட பஸ் சாவியைக் குடுக்கிறேன். சம்பளச் சீட்டையா வாங்கிப் பாக்குறேன்?"

"சிரிக்காதீங்க. எனக்கு வயிறு எரியுது."

நிஜமாகவே எரிந்தது. சம்பளம் வந்த முதல் ஞாயிறு இரண்டு வீடும் இந்தக் கடைக்குத்தான் வரும். மாதாமாதம் அந்த ட்ராலி மலையாக நிற்கும். அதைப் பார்த்துவிட்டுப் போனால் அவளுக்கு ஒரு வாரம் சாப்பாடு இறங்காது. போன மாதம் அதில் ஒரு மேஜை விளக்கைப் பார்த்தாள். போட்டிக்கு ஒரு சோபாவே வாங்கிவிட்டாள், தவணையில். டிரைவருக்கு இன்னும் அதில் சாய்ந்து உட்காரத் தைரியம் வரவில்லை.

"இன்னிக்கு நம்ம ட்ராலியும் ரொம்பணும்."

"கார்டுல அவ்வளவு இருக்காதும்மா. சோபாக்காரன் இந்நேரம் எடுத்திருப்பான்."

"எடுத்தது போக மிச்சம் இருக்கும்ல?"

அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. அள்ளிப் போட ஆரம்பித்தாள். காபி மெஷின் அவர்களுடையதைவிட ஒரு சைஸ் பெரியது.

"ஏம்மா, நம்ம வீட்ல யாரு காபி குடிக்கிறா?"

"இனிமே குடிப்போம்."

பில் போடுகிற பெண் கார்டைத் தேய்த்தாள். துடைத்துவிட்டு மறுபடி தேய்த்தாள்.

"சார், இதுல பணம் பத்தல. வேற கார்டு இருக்கா?"

டிரைவர் பர்ஸைத் துழாவினார். இல்லாத கார்டு எங்கிருந்து வரும்? வரிசையில் யாரோ 'உச்' கொட்டினார்கள். "இருக்கிறதைப் பாத்து எடுக்க வேண்டியதுதானே," என்றது ஒரு குரல்.

மனைவிக்குக் காது வரை சூடு ஏறியது. திரும்பிப் பார்த்தாள். நேர் பின்னால் நிற்பது யாராம்? எதிர் வீட்டுக்காரி! இந்தக் கோலத்தை இவளா பார்க்க வேண்டும்? தலை கிறுகிறுத்ததில் அவர்கள் ட்ராலியில் என்ன இருக்கிறது என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்தது அந்த ஷூ ஒன்றுதான். சின்னப் பெண் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

எதிர் வீட்டுக்காரி சட்டென்று கையைத் தட்டிச் சிரித்தாள். வரிசை முழுக்கக் கேட்கிற சிரிப்பு.

"அடடே அக்கா! நீங்களும் இந்த ஆட்டம் ஆடுறீங்களா? சொல்லவே இல்லையே!"

"எ... என்ன ஆட்டம்?"

"அதான்கா! ஆசைப்பட்டதை எல்லாம் ட்ராலியில போட்டுக்கிட்டுக் கடையைச் சுத்தி வர்றது. அப்புறம் ஒவ்வொண்ணா கையில எடுத்து, 'இது இல்லாம இந்த மாசம் ஓடுமா'ன்னு வீட்ல எல்லாரையும் கேக்குறது. ஓடும்னா, எடுத்த இடத்துலயே வச்சுடணும். மாசாமாசம் எங்க வீட்ல இதே கூத்துதான். வாங்க, சேர்ந்தே போய் வைப்போம்!"

அவள் கணவர் ஒரு கணம் அவளைப் பார்த்தார். அவள் கண்ணைக் காட்டினாள். அவர் மறுபேச்சில்லாமல் ட்ராலியைத் திருப்பினார்.

"அம்மா, ஷூ..."

"அதையும்தான். வச்சுட்டு வாடா செல்லம்."

குழந்தையின் உதடு பிதுங்கியது. ஆனாலும் போய் வைத்துவிட்டு வந்தாள். 'உச்' கொட்டினவரே, "நல்ல ஆட்டமா இருக்கே!" என்று சிரித்துவிட்டார்.

தெருமுனை தாண்டியதும் மனைவிக்குப் பேச்சு வந்துவிட்டது.

"ச்சே! இவ்வளவுதானா இவங்க பவிசு? எல்லாம் வெறும் ஷோ! இத்தனை மாசமா நான்தான் பைத்தியக்காரி மாதிரி வெந்து செத்திருக்கேன்."

"நல்ல வேளை, அவங்க ஆட்டத்தால நம்ம மானம் தப்பிச்சுது."

"என்ன பெரிய ஆட்டம்? பெத்த பொண்ணுக்கு ஒரு ஷூ வாங்க வக்கில்ல, அதுக்கு இப்படி ஒரு பேரு!"

டிரைவர் வெறும் பையை மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தார். அவளோ ரொம்ப நாளைக்கு அப்புறம் அன்று வயிறு நிறையச் சாப்பிட்டாள்.

மறுநாள் காலை குப்பைப் பையை வெளியே வைக்கக் கதவைத் திறந்தாள். இரண்டு வீட்டுக்கும் பொதுவான மாடிப்படியில், ஒரு படி கீழே எதிர் வீட்டுக்காரி முதுகைக் காட்டி உட்கார்ந்து, மகளுக்குப் பள்ளிக்கூட ஷூவை மாட்டிக்கொண்டிருந்தாள். பழைய ஷூ. முன்பக்கம் வாயைப் பிளந்திருந்தது. அதை மூட ஒரு ரப்பர் பேண்டு.

'பாவம்' என்று ஒரு வார்த்தை நறுக்கென்று சொல்லிவைக்கலாமே என்று இவள் வாயைத் திறந்தாள். அதற்குள் குழந்தை கேட்டது.

"அம்மா, நம்ம ஆட்டம் உள்ளேயே முடிஞ்சுபோச்சுல்ல? காபி மெஷின், தம்பியோட கார் எல்லாம் தோத்துச்சுல்ல? அதையெல்லாம் வச்சுட்டுத்தானே வரிசைக்கே வந்தோம்?"

"ஆமாண்டா."

"என் ஷூ ஜெயிச்ச ஷூம்மா! ரெண்டு மாசமா தோத்துத் தோத்து நேத்துதான் ஜெயிச்சுது. அதை ஏம்மா திருப்பி வைக்கச் சொன்னே?"

அம்மா ரப்பர் பேண்டை இழுத்து மாட்டிவிட்டு, மகளின் வாயில் விரலை வைத்தாள்.

"உஷ்... சாயங்காலம் போய் அதையே வாங்கிடலாம். இப்ப மெதுவாப் பேசுடி, எதிர் வீட்டுப் பெரியம்மா காதுல விழுந்துடப் போகுது."