ஏழு வலைநூல்கள்

சாவி கழுத்தில்தான் தொங்கியது. வாச்மேன் கோதண்டம் அதை ஸ்டூலுக்கு அடியில் தேடிக்கொண்டிருந்தான்.

கேட்டுக்கு வெளியே காத்திருந்த வண்டிக்காரன் சிரித்தான். "மாமு, கழுத்துல மாலை மாரி போட்டுகினு கீறியே, அது இன்னா?"

கோதண்டம் கழுத்தைத் தொட்டுப் பார்த்தான். பிறகு பயத்துடன் ஆபீஸ் ஜன்னலைப் பார்த்தான். அரிசி மண்டி முதலாளி வெள்ளத்துரை அங்கிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். லேசாகச் சிரித்துவிட்டு உள்ளே திரும்பிக்கொண்டார்.

இரண்டு வருடங்களுக்கு முன் கடலில் பாய்மரம் முறிந்து கோதண்டத்தின் தலையில் விழுந்தது. பழசெல்லாம் நினைவிருந்தது. காலையில் நடந்தது மட்டும் மதியம் வரை நிற்கவில்லை.

நங்கூரக் கயிற்றைக் கட்ட மறந்தான். அதன் பிறகு யாரும் அவனைப் படகில் ஏற்றவில்லை. ஐஸ் கம்பெனியில் குழாயை மூட மறந்தான். கயிற்றுக் கடையில் கடையையே பூட்ட மறந்தான்.

ராயபுரத்து மண்டிக்கு வேலை கேட்டு வந்த அன்று வெள்ளத்துரை தன் பெயரைச் சொன்னார். ஐந்து நிமிடம் கழித்து, "ஐயா பேரு இன்னா?" என்று கேட்டான் கோதண்டம். கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

தெற்கத்திக்காரரான வெள்ளத்துரை வாய்விட்டுச் சிரித்தார். "சரிதான். நாளைக்கே வந்து சேருல."

அவன் மனைவி அங்கம்மாவுக்கு நிம்மதி வரவில்லை. "அந்தாளு நல்ல மன்சன். ஆனா ஒனக்கு மறதி நோவு கீதுன்னு தெரிஞ்சுது, அவ்ளோதான். இதுவும் பூட்ச்சுன்னா ரெண்டு புள்ளைய வெச்சிகினு நான் எங்க போவேன்?"

இருவருக்கும் எழுதப் படிக்கத் தெரியாது. அங்கம்மா வலை பின்னுகிறவள். வலைநூலை ஏழு துண்டாக நறுக்கி அவன் அரைஞாண் கயிற்றில் வரிசையாகக் கட்டினாள்.

"ஒரு நாளைக்கு ஒரு நூலு. உள்ள வர்ற வண்டிக்கு ஒத்த முடிச்சு. வெளிய போற வண்டிக்கு ரெட்ட முடிச்சு. யாருனா எதுனா கேட்டா, சட்டைக்குள்ள கைய வுட்டுத் தடவிப் பாத்துட்டு வாயத் தொற."

தினமும் காலையில் ஏழில் மிகப் பழைய நூலை அவிழ்த்துப் புதியதைக் கட்டினாள். கட்டும்போதே இதைத் திரும்பச் சொன்னாள். மீனவன் கை, முடிச்சுப் போடுவதை மட்டும் அது மறக்கவில்லை.

மண்டியிலிருந்து வண்டிகள் பெரும்பாலும் சாப்பாட்டு வேளையில்தான் வெளியேறின. கணக்குப்பிள்ளையும் மூட்டை தூக்குகிறவர்களும் அப்போது இருக்க மாட்டார்கள். கோதண்டம் கேட்டைத் திறந்து, மூடி, முடிச்சுப் போட்டுவிட்டுத்தான் தூக்குச்சட்டியைத் தொடுவான்.

நான்கு மாதங்கள் இப்படியே ஓடின.

ஒரு நாள் முற்பகலில் ஜீப் ஒன்று வந்து நின்றது. யுத்தம் முடிந்தும் அரிசிக்கு ரேஷன் முடியாத காலம். பர்மிட் இல்லாமல் ஒரு மூட்டைகூட மண்டியை விட்டு வெளியே போகக் கூடாது. ரேஷன் அதிகாரி தேசப்பன் இறங்கி நேராக முதலாளியிடம் போனார்.

"ஒரு வாரமா இங்கேருந்து எத்தனை வண்டி வெளியே போச்சு?"

"நான் சொன்னா நம்புவீகளா?" என்றார் வெள்ளத்துரை. "அந்தா வாச்மேன் நிக்கான். அவன்ட்டயே கேளுங்க. அவன் கண்ணுல படாம ஒரு எலிகூட கேட்டத் தாண்டாது."

கோதண்டம் யோசித்துப் பார்த்தான். காலையில் கஞ்சி குடித்தோமா என்பதே நினைவில்லை. முதலாளி நம்பிக் கைகாட்டிவிட்டார். இப்போது முழித்தால் இந்த வேலையும் போயிற்று.

"என்னப்பா, ஞாபகம் இல்லையா?" என்றார் அதிகாரி.

"அவனப் போட்டு அவசரப்படுத்தாதீக" என்றார் வெள்ளத்துரை. "ஞாபகம் இல்லன்னா இல்லன்னு சொல்லிருல கோதண்டம். ஒண்ணும் குத்தமில்ல."

எவ்வளவு நல்ல மனிதர். இவர் முகத்தில் கரி பூசக் கூடாது. கோதண்டம் சட்டைக்குள் கைவிட்டு இடுப்பைச் சொறிந்தான்.

"கீது சார். இன்னிக்கி இன்னும் எதுவும் போவல. நேத்து ரெண்டு. முந்தாநேத்து மூணு. அதுக்கு மொத நாளு ஒண்ணும் இல்ல. அதுக்கும் முன்னால ஒண்ணு. அதுக்கு முன்னால நாலு. அதுக்கும் முன்னால ஒண்ணு."

தேசப்பன் எழுதிக்கொண்டு கூட்டிப் பார்த்தார். "பதினொண்ணு. பேஷ்! எல்லா மண்டியிலயும் உன்னை மாதிரி ஒரு ஆள் இருந்துட்டா எங்களுக்கு வேலையே இல்லப்பா."

இருவரும் கணக்குப் புத்தகத்தைப் பார்க்க ஆபீசுக்குள் போனார்கள். கோதண்டம் நிமிர்ந்து நின்றான். இதைச் சாயங்காலம் அங்கம்மாவிடம் சொல்ல வேண்டும். மறந்துவிடுமே என்று அன்றைய நூலில் பெரிதாக ஒரு முடிச்சுப் போட்டான்.

அரை மணி கழித்து வெளியே வந்தார்கள். அதிகாரி மண்டியின் கணக்குப் புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஜீப்பை நோக்கி நடந்தார். வெள்ளத்துரை கேட்டருகே நின்றுவிட்டார். கோதண்டத்தின் சட்டைக்குக் கீழே நூல்கள் எட்டிப் பார்த்தன. அவர் ஒன்றைப் பிடித்து இழுத்தார்.

"இது என்னல?"

கோதண்டம் கையெடுத்துக் கும்பிட்டான். நான்கு மாதம் மறைத்தது அவர் கையில் இருந்தது.

"மன்ச்சுக்கோங்க மொதலாளி. வண்டிக்கு ஒரு முடிச்சு. பொண்டாட்டி கத்துக் குடுத்துச்சு. எனக்கு மறதி நோவு, ஒண்ணுமே நெஞ்சுல நிக்காது. ஒங்க கையில சொல்லாம மறைச்சுட்டேன். அதுக்காக வேலைய விட்டுத் தூக்கிராதீங்க."

"ஏறுங்க, நேரமாகுது" என்று முதலாளியை அழைத்தார் அதிகாரி ஜீப்பிலிருந்து.

வெள்ளத்துரை நூலை விட்டார்.

"அந்த மறதிக்காகத்தானல ஒன்னய வேலைக்கே வச்சேன்!"