கம்பிக் கதவில் ஒரு செருப்பு

"தினமும் காலையில லிஃப்டை மூணாம் மாடியிலேயே பிடிச்சு வெக்கிற புண்ணியவான் யாரு? ஒளிஞ்சுக்காம முகத்தைக் காட்டட்டும்."

குடியிருப்புச் செயலாளர் பொதுவாகத்தான் கத்தினார். பார்வை மட்டும் மூன்றாம் மாடித் தரகரின் ஊன்றுகோல்கள் மேல் இருந்தது.

"என்னை ஏன் பார்க்கறீங்க? ரெண்டு கையிலயும் கோல். மூணாவது கை முளைச்சதும் பிடிக்கறேன்," என்றார் தரகர்.

"நீங்க ஆஸ்பத்திரிக்குக் கிளம்பற நேரத்துக்கு மட்டும் லிஃப்ட் வாசல்ல நிக்குதே, எப்படி?"

"என் நல்ல நேரம்."

அப்படித்தான் நம்பியிருந்தார். பழைய இயந்திரங்களைப் பேரம் பேசி விற்றே முன்னுக்கு வந்தவர். காத்திருப்பது அவருக்கு ஆகவே ஆகாது. லிஃப்ட் வரத் தாமதமானால் படியில் இறங்கிவிடுகிற ரகம். இறங்கவே கூடாது என்று டாக்டர் எச்சரித்திருந்தார்.

"முட்டியில வெச்சிருக்கறது, செத்துப்போன யாரோ தானமாக் கொடுத்த சவ்வு. அது ஒட்டிப் பிடிக்கணும். கிழிஞ்சுதுன்னா நாளாக ஆக எலும்போட எலும்பு உரசிக் காலே வளைஞ்சுடும்."

அதை டாக்டர் சொல்ல வேண்டியதில்லை. எதிர்வீட்டிலேயே சாட்சி இருந்தது. சொந்த அண்ணன். வாலிபத்தில் கிழிந்த சவ்வை அந்தக் காலத்தில் மொத்தமாக எடுத்துப் போட்டுவிட்டார்கள். இப்போது காலை அகட்டி அகட்டித்தான் நடை.

அப்பா போனதும் வந்த சண்டையில் அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்றது. தம்பி ஆபரேஷன் முடிந்து வந்த அன்றுகூட அந்தக் கதவு திறக்கவில்லை. தரகர் வீட்டில் பேசுவது டிவி ஒன்றுதான்.

"கம்பிக் கதவைச் சாத்தினாத்தானே லிஃப்ட் நகரும்? இதை இடுக்குல செருகி வெச்சிருக்காங்க," என்று காவலாளி ஒரு பழைய செருப்பை நீட்டினார்.

தரகர் வாங்கிப் புரட்டினார். குதிகாலின் வெளிப்பக்கம் மட்டும் காகிதமாய்த் தேய்ந்திருந்தது.

"யாரோடதுன்னு தெரியுதா?" என்றார் செயலாளர்.

"என்னுதுதான். நான்தான் வெச்சேன். போய் வேலையைப் பாருங்க."

"அப்ப, மூணாவது கை முளைச்சிடுச்சு," என்று முணுமுணுத்தபடி எல்லாரும் கலைந்தார்கள்.

தரகர் எதிர்க் கதவை ஊன்றுகோலால் தட்டினார். உள்ளே ஒற்றைச் செருப்புச் சத்தம் பக்கத்தில் வந்து நின்றது.

"அண்ணே, உன் செருப்பு என்கிட்ட இருக்கு. வேணும்னா கதவைத் தொற. தொறந்து, 'முட்டி எப்படிடா இருக்கு'ன்னு என் முகத்தைப் பார்த்துக் கேளு. அதுக்குக் குறைஞ்சு தர மாட்டேன்."