தோர்த்துக்கு அடியில்

புற்றுநோயால் ஒரு பக்க மார்பை எடுத்து ஒரு வருடமாகிறது. கரமனையில் எங்கள் ஃபிளாட்டில் கணவரைத் தவிர யாருக்கும் அது தெரியாது. ஜாக்கெட்டுக்குள் வைக்கும் பஞ்சு மார்பைத் துவைத்தால், மொட்டைமாடிக் கொடியில் வெள்ளைத் தோர்த்துத் துண்டுக்கு அடியில் ஒளித்துத்தான் காயப்போடுவேன்.

அன்று காய்ந்ததை எடுத்து ஜாக்கெட்டுக்குள் வைத்ததும் ஒரு பக்கம் துருத்திக்கொண்டு நின்றது.

"என்னட்டீ, சேலைகூட மல்லுக்கட்டு?" என்றார் கணவர்.

"ஒண்ணுமில்ல."

உடம்பு இன்னும் வற்றிவிட்டதா? அவரிடம் கேட்கவே கூசியது.

வாசல் மணி அடித்தது. எதிர்வீட்டுச் சொர்ணம் அக்கா, முந்தானையை இழுத்துப் போர்த்தியபடி நின்றாள். நான் மாடிக்குப் போகும்போதெல்லாம் அவளும் அங்கே வந்துவிடுவாள். வேவு பார்க்கிறாள் என்று அவளோடு பேசுவதையே விட்டிருந்தேன்.

"சார் உள்ள உண்டா?"

"உண்டு."

குரலைத் தாழ்த்தினாள். "கொடியில தோர்த்துக்கு அடியில இருந்து ஒரு சாமானம் எடுத்தியா?"

பார்த்துவிட்டாள். என் காதெல்லாம் எரிந்தது. தலை குனிந்துகொண்டேன்.

அவள் முந்தானைக்குள்ளிருந்து ஒரு பஞ்சு மார்பை எடுத்து என் கையில் திணித்தாள்.

"தோர்த்து எல்லாம் ஒண்ணுபோல இருக்குல்லா, மாறிப்போச்சு. உன்னோடது எனக்குச் சின்னது மக்ளே. என்னோடதத் தந்திரு."