கிண்ணம் நிறைய

முதல் அறை எசென்குல் பெரியவரின் கன்னத்தில் விழுந்தது. பல்செட் தெறித்து, பொரித்த ரொட்டித் தட்டில் போய்க் கிடந்தது.

அனார்கான் சாப்பாட்டுக்கூடத்து வாசலிலேயே நின்றுவிட்டாள்.

அப்பாவைக் கொண்டுவந்து விடுவதற்கு இடம் பார்க்க வந்தவள் அவள். தலைநகர் பிஷ்கெக்கில் இரண்டு முதியோர் இல்லங்களைப் பார்த்து வேண்டாமென்று சொல்லிவிட்டு, மலையேறி இந்த நரின் ஊருக்கு வந்திருந்தாள்.

மாஸ்கோவில் கட்டட வேலை செய்யும் தம்பி காலையில்தான் போனில் கத்தினான். "ஒரு இடத்துல தலை வாரி விடுறாங்க, இன்னொரு இடத்துல பாட்டுப் பாடி ஊட்டி விடுறாங்கன்னு நீயேதான சொன்ன. அப்புறம் என்னக்கா குறை?"

"எனக்குப் பிடிக்கல" என்றாள்.

பெற்ற அப்பனை இல்லத்தில் தள்ளினாள் என்று சொந்தபந்தம் எப்படியும் காறித் துப்பத்தான் போகிறது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? துப்பு வாங்குவது என்று ஆகிவிட்டது. இடமாவது தனக்குப் பிடித்த இடமாக இருக்கட்டும் என்று நினைத்தாள்.

இரண்டாவது அறையில் நாற்காலி சாய்ந்தது.

எல்லாம் ஒரு கிண்ணம் தேநீரால் வந்த வினை. பணியாள் முகாஷ், இன்னொரு நடை நடக்கச் சோம்பல்பட்டு, விளிம்பு வரைக்கும் ஊற்றி வைத்துவிட்டான். அந்த நாட்டு வழக்கத்தில், பாதிக் கிண்ணம் ஊற்றினால் 'உட்காருங்கள், இன்னும் தருகிறேன்' என்று அர்த்தம். கிண்ணத்தை நிறைத்தால் 'குடித்துவிட்டு இடத்தைக் காலி பண்ணு' என்று அர்த்தம். பால்குடி மறந்த பிள்ளைக்கும் அது தெரியும். எசென்குல் போக வேறு இடம் இல்லாதவர்.

அந்தக் கொதிக்கும் தேநீரை அவர் முகாஷின் முகத்தில் வீசிவிட்டார்.

அதற்குப் பிறகு முகாஷ் மனிதனாக இல்லை. பெரியவரின் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினான். எலும்பு நெரிகிற சத்தம் வாசல் வரை கேட்டது. தலை மேஜை விளிம்பில் மோதியது. வெள்ளைத் தாடியில் ரத்தம் இறங்கியது. தரையில் சுருண்டவரின் விலாவில் பூட்ஸ் காலால் உதைத்தான்.

"அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான், கிழவா. எந்திரி. எந்திரிச்சு, சிந்துன டீயத் தொடை."

மற்ற கிழவர்கள் குனிந்தபடி நூடுல்ஸை உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மட்டும் தன் கிண்ணத்தைப் பத்திரமாக நகர்த்தி வைத்துக்கொண்டார். பழகிப்போன சாப்பாடு, பழகிப்போன அடி.

அனார்கான் கண்ணை எடுக்கவில்லை. கையுறைக்குள் நகங்கள் உள்ளங்கையில் பதிந்தன.

இல்லத்தின் பொறுப்பாளர் ராய்கான் ஓடிவந்து, அவளுக்கு இடது பக்கம் நின்று ஏதோ சொன்னாள். அனார்கானுக்குக் கேட்கவில்லை. சின்ன வயதிலேயே செத்துப்போன காது அது. தலையைத் திருப்பி வலது காதைக் கொடுத்தாள்.

"இதையா நீ பாக்கணும், தங்கச்சி. இன்னைக்கே அந்த நாயை வெளிய தள்ளிடறேன். யார்கிட்டயும் சொல்லிடாத, உன் கால்ல வேணா விழறேன்."

முகாஷின் சட்டையைப் பிடித்து இழுத்து, முதுகில் நாலு போட்டு, சமையலறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினாள். யாரோ பெரியவரைத் தூக்கி உட்கார வைத்தார்கள். ரொட்டித் தட்டில் கிடந்த பல்லை அவரே எடுத்துத் துடைத்துக்கொண்டார்.

அனார்கானைத் தன் அறைக்குள் அழைத்துப்போய் ராய்கான் தேநீர் ஊற்றினாள். பாதிக் கிண்ணம்தான். ஒரு கையை நெஞ்சில் வைத்து, மரியாதையாக நீட்டினாள். கை நடுங்கியது.

நடுங்கும் கையையே அனார்கான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் சிறுமியாக இருந்தபோது, ஒரு நாள் அம்மாவுக்கும் காய்ச்சலில் கை இப்படித்தான் நடுங்கியது. அப்பா அழைத்து வந்திருந்த விருந்தாளியின் கிண்ணம் நிறைந்துவிட்டது. அந்த ஆள் கிளம்பும் வரைக்கும் அப்பா சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். வாசல் வரை போய் வழியனுப்பினார். திரும்பி வந்து இரும்புக் கெட்டிலைக் கையில் எடுத்தார்.

குறுக்கே விழுந்த சிறுமிக்கு ஒரு காது போனது. அம்மா பனியில் வழுக்கி விழுந்து செத்ததாக ஊரில் சொன்னார்கள். அப்போது தொட்டிலில் கிடந்த தம்பி இன்றைக்கும் அதைத்தான் நம்புகிறான்.

அனார்கான் தேநீரை ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்தாள்.

"அந்த ஆள வேலைய விட்டு அனுப்பாதீங்க, அக்கா. கட்டில் எப்பக் காலியாகும்?"

ராய்கான் பதிவேட்டைப் புரட்டினாள். அடுத்த வாரம் என்று எப்படியோ சொன்னாள். அப்பாவுக்குச் சாப்பாட்டில் ஏதாவது பத்தியம் உண்டா என்று, வழக்கமாகக் கேட்பதையும் கேட்டு வைத்தாள்.

அனார்கான் எழுந்து கையுறையை மாட்டிக்கொண்டாள்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல. எதைக் குடுத்தாலும் சாப்பிடுவாரு. டீ மட்டும் அந்த ஆள் கையாலயே, கிண்ணம் நிறைய ஊத்தச் சொல்லுங்க."