சுங்கச்சாவடிச் சாட்சி

"அன்னைக்கு எங்கிட்டுப் போனேன்னு மட்டும் கேக்காதீங்க எசமான். வேற என்ன வேணாலும் கேளுங்க, சொல்றேன்."

புதுக்கோட்டைக் கோர்ட்டு வாசலில் ராக்கன் கைகூப்பிக் கெஞ்சினான். வக்கீல் ஆத்மநாதனுக்கு எரிச்சல் பொங்கியது. எத்தனையோ களவாணிகளுக்காக வாதாடியவர் அவர். அவர்களெல்லாம் ஒரு பொய்யாவது சொன்னார்கள். இவன் அதற்கும் வழிவிடவில்லை.

"ஏண்டா சொல்ல மாட்டேங்கிறே?"

"சொன்னா நீங்க கோர்ட்டுல சொல்லிப்புடுவீங்க."

"அதுக்குத்தானேடா வக்கீல் வச்சிருக்கே!"

குளத்தூர் மில் முதலாளி ஆவுடையப்பனின் கிடாவைப் பட்டப்பகலில் எவனோ அவிழ்த்துக்கொண்டு போய்விட்டான். கட்டியிருந்த இடத்தில் ஒரு சிவப்புத் துண்டு கிடந்தது. அப்பேர்ப்பட்ட துண்டுதான் ராக்கன் தோளிலும் எப்போதும் தொங்கும். முந்தின வாரச் சந்தையில் இதே கிடாவுக்காக இரண்டு பேருக்கும் வாய்ச்சண்டை வேறு. வாயைத் திறக்காவிட்டால் ஆறு மாதம் உள்ளேதான்.

ஆத்மநாதன் சற்றுத் தள்ளி நின்ற ராக்கனின் மனைவி சொர்ணத்திடம் போனார்.

"இவரு திருடுற ஆளே இல்லீங்க," என்றாள் அவள். "அதே அன்னைக்கு எங்க வீட்டுலயும் களவு போச்சு. எங்க ஆத்தா என் பேரு வெட்டிக் குடுத்த பித்தளை அண்டா! என்னையக் காட்டியும் துடிச்சது இவருதான். கெணத்துக்குள்ள எறங்கிக்கூடத் தேடுனாரு. எடுத்தவன் மட்டும் கையில கெடைக்கட்டும், நான் அவன் காலை ஒடிக்கிறேனா இல்லையான்னு பாருங்க!"

"சரி, அன்னைக்கு ராக்கன் எங்கே போனான்?"

"வைக்கோலு வாங்கப் போறேன்னு வண்டியைப் பூட்டிக்கிட்டுப் போனாரு. வைக்கோலு கெடைக்கலைன்னு வெறும் வண்டியோட வந்தாரு."

வண்டி! ஆத்மநாதனுக்குச் சட்டென்று பொறி தட்டியது. சமஸ்தானத்தில் எந்த ரோட்டில் வண்டி போனாலும் சுங்கச்சாவடியில் நிறுத்திப் பதியாமல் விடமாட்டார்களே! உடனே குமாஸ்தாவை எல்லாச் சாவடிக்கும் விரட்டினார். ஆலங்குடி ரோட்டுச் சாவடியில் ராக்கனின் பேர் அகப்பட்டது. பேரும் நேரமும் போதும் என்று வக்கீல் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

விசாரணையன்று முதலில் ஆவுடையப்பனைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினார்.

"கிடா போனதும் என்ன செய்தீர்?"

"கெடாவை இழுத்துக்கிட்டு ஒருத்தன் ஓடுறதைத் தூரத்துலேருந்து கண்ணால பாத்தேன். அந்த நிமிசமே மில்லுக்குள்ள ஓடி டெலிபோனை எடுத்து ஸ்டேஷனுக்குப் பேசினேன்."

"ஆட்டுக்காகவா டெலிபோன் செய்தீர்?" என்றார் மாஜிஸ்ட்ரேட்.

"ஐயனாருக்கு நேந்த கெடாங்க. அவருக்கு யாரு பதில் சொல்றது?"

டெலிபோன் ஆபீஸ் பதிவைக் காட்டினார்கள். பேசிய நேரம் பகல் பன்னிரண்டு. அடுத்து, சுங்கச்சாவடி எழுத்தர் கண்ணுசாமி பெரிய புத்தகத்தோடு கூண்டில் ஏறினார்.

எதிர்ப்பக்கம் கைதிக் கூண்டில் நின்ற ராக்கன் கத்தினான். "வேணாங்க எசமான், அதைத் தொறக்காதீங்க!"

"சும்மா இருடா, உன்னைக் காப்பாத்தப் போறேன்," என்று ஆத்மநாதன் அதட்டினார்.

"பகல் பன்னிரண்டு மணி. வல்லத்திராக்கோட்டை ராக்கன். மாட்டு வண்டி ஒன்று," என்று கண்ணுசாமி படித்தார்.

ஒரே நேரத்தில் ஒருத்தன் குளத்தூரிலும் ஆலங்குடி ரோட்டிலும் நிற்க முடியுமா? வக்கீல் வெற்றியோடு சபையைப் பார்த்தார்.

"மீதியையும் படியும்," என்றார் மாஜிஸ்ட்ரேட்.

"விற்கிற சரக்கு என்று சுங்கம் கேட்டதற்கு, தங்கச்சி மகள் காதுகுத்துக்குத் தாய்மாமன் சீர் என்று சண்டை போட்டார். சோதித்ததில் வாழைத்தார், பட்டுப்பாவாடை, பித்தளை அண்டா ஒன்று. அண்டாவில் வெட்டியிருந்த பேர், சொர்ணம். சீர்தான் என்று சுங்கம் வாங்காமல் விடப்பட்டது."

மாஜிஸ்ட்ரேட் சிரித்துவிட்டார். "நல்ல தாய்மாமன்! குற்றம் ருசுவாகவில்லை. ராக்கா, நீ தாராளமாக வீட்டுக்குப் போகலாம்."

ஆத்மநாதன் பூரிப்போடு திரும்பினார். ஜனங்களுக்கு நடுவிலிருந்து சொர்ணம் மெல்ல எழுந்தாள். சேலைக் கொசுவத்தை இழுத்துச் செருகிக்கொண்டாள். வாசலை அடைத்தாற்போல் போய் நின்றாள்.

"வாங்க, வீட்டுக்குப் போவோம்," என்றாள். குரல் வெகு சாந்தமாக இருந்தது.

ராக்கன் கூண்டுக் கம்பியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு அலறினான்:

"எசமான், அந்தக் கெடாவைக் களவாண்டது நான்தாங்க!"