இரண்டு நாள் தூரம்

கையிலிருந்த போன் அதிர்ந்ததும் வேதாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

மாறன்தான். இன்றைக்குத் திங்கட்கிழமை என்பதையே மறந்திருந்தாள்.

மோர்மன் என்ற கிறிஸ்தவ சபையில், வெளியூருக்கு ஊழியத்துக்குப் போகும் பிள்ளைகள் வாரம் ஒருநாள் வீட்டோடு பேசலாம். பிலிப்பைன்ஸுக்குப் போன நாளிலிருந்து ஒரு திங்களையும் அவன் தவறவிட்டதில்லை.

அவசரமாக நாலு படி இறங்கி, சுவரோரம் உட்கார்ந்து, போனைக் காதில் அழுத்திக்கொண்டாள்.

“எப்டிம்மா இருக்க?”

“என்னை வுடு. நீ சாப்டியா?”

சாப்பிட்டானாம். சோறும் மீனும். ஆறரைக்கு எழுந்தானாம். முழங்காலில் நின்று ஜெபம், அப்புறம் வேத வாசிப்பு. லீவு நாள் என்பதால் வெள்ளைச் சட்டைகளைத் துவைத்துப் போட்டானாம். கூட ஊழியம் செய்யும் சமோவா நாட்டுப் பையன் இன்னும் தூங்குகிறானாம்.

“வெளிய போவ முடியலம்மா. மழை ஊத்தினே இருக்குது.”

அவள் தலைக்கு மேலிருந்த சின்ன ஜன்னலில் வெயில் கொளுத்தியது.

போன வாரமும் இதையேதான் சொன்னான். அதே வரிசையில், மனப்பாடப் பாட்டு ஒப்பிக்கிற மாதிரி. முகம் பார்க்கவும் வழியில்லை. கேமரா கெட்டுவிட்டதாம்.

அனுப்பிவைத்தவள் அவள்தான். கணவன் போன பிறகு அவளைத் தூக்கி நிறுத்தியது அந்தச் சபை. அதில் சேர்ந்த நாளோடு கணவன் வீட்டார் அவள் வாசலை மிதிப்பதை விட்டார்கள். மகன் வெள்ளைச் சட்டையில் கறுப்பு பேட்ஜ் குத்தி நிற்கும் போட்டோவைத் தன் ஊரான வேங்கிக்காலில் அவள் காட்டாத ஆள் இல்லை. “ரெண்டு வருஷ ஊழியத்த முடிக்காம வந்து நின்னா வூட்டுக்குள்ள சேக்க மாட்டேன்” என்று ஏர்போர்ட்டில் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

அவன் சிரிக்கவில்லை என்பது இப்போது ஞாபகம் வந்தது.

“ஏம்மா, பேச மாட்டேன்ற?”

வேதா கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

“மாறா, எனக்கு ஒடம்பு முடியலடா.”

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“நெஞ்சுல வலிக்குது. நடந்தா மூச்சு வாங்குது. கூட யாரையாவது இட்டுனு வாங்கன்னு டாக்டரு சொல்றாரு. எனக்கு யாரு இருக்கா? ரெண்டு வருஷம் முடிக்கலன்னா பரவால்லடா. பாதியில வந்துட்டான்னு எவன் பேசினாலும் பேசிட்டுப் போறான். எனக்காக வந்துடுறியா?”

முதலில் இருமல் போலத்தான் கேட்டது. பிறகு அது அழுகையென்று தெரிந்தது. அப்பாவைப் புதைத்த அன்றுகூட அவன் இப்படி அழுததில்லை.

“வந்துடறேம்மா.”

“எப்ப?”

மணிலா, சிங்கப்பூர், சென்னை, அப்புறம் பஸ் என்று விசும்பலுக்கு நடுவே முணுமுணுத்துக் கணக்குப் போட்டான்.

“ரெண்டு நாள் ஆவும்மா.”

“நீ வந்தாத்தான் நான் டாக்டருகிட்ட போவேன். வருவேன்னு சத்தியம் பண்ணு.”

“சத்தியமா வரேம்மா.”

போனை வைத்தாள்.

அழுகை நிற்கவில்லை. நாலு படிக்கு மேலே, ஏழாம் நம்பர் அறையின் கதவுக்குப் பின்னாலிருந்து அது வந்துகொண்டே இருந்தது.

வெள்ளிக்கிழமைதான் சென்னையிலிருந்து சபைப் பெரியவர் அவளைப் போனில் கூப்பிட்டிருந்தார். மனசு சரியில்லாமல் போய், ஊழியத்துக்காக ஒரு வீட்டுக் கதவைத் தட்டவும் கை வராமல், மாறன் அங்கே தெருவிலேயே உட்கார்ந்துவிட்டானாம். டாக்டர் ஊருக்குப் போகச் சொல்லிவிட்டாராம். அம்மாவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன் என்று கெஞ்சினானாம். திருவண்ணாமலை பஸ்ஸில் தாங்களே ஏற்றிவிட்டு இரண்டு வாரம் ஆகிறது, இப்போது தேவலையா என்று கேட்டார்.

“தூங்கறான் ஐயா, எழுந்ததும் பேசச் சொல்றேன்” என்றாள் வேதா, யாரும் இல்லாத வீட்டுக்குள் நின்றுகொண்டு.

அன்றிலிருந்து அவள் அலையாத இடமில்லை. கூப்பிட்டால் அவன் எடுக்கவில்லை. இன்று காலையில்தான், பக்கத்துத் தெரு ஆட்டோக்கார அப்துல் அவனை பஸ் ஸ்டாண்ட் அருகே இந்த லாட்ஜ் வாசலில் பார்த்ததாக வந்து சொன்னான். தனியாக ரூம் எடுத்துத் தங்கும் பிள்ளைகளைப் பற்றிப் பேப்பரில் படித்ததெல்லாம் வரிசையாக ஞாபகம் வர, அப்துல் ஆட்டோவிலேயே வந்து, கீழே ரூம் நம்பர் கேட்டு, கதவை உடைக்கிற வேகத்தில்தான் மாடியேறி வந்தாள்.

தட்ட ஓங்கியபோதுதான் கையிலிருந்த போன் அதிர்ந்தது.

இப்போது செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். சத்தமில்லாமல் ஒவ்வொரு படியாக இறங்கினாள். தெருவைக் கடந்து, எதிரே டீக்கடை பெஞ்சில் லாட்ஜ் வாசல் தெரிகிற பக்கமாக உட்கார்ந்தாள்.

ஆட்டோவிலிருந்து அப்துல் ஓடிவந்தான்.

“என்னக்கா, தம்பி மேலதான இருக்கான்?”

“இல்லப்பா. அவன் பிலிப்பைன்ஸ்லேர்ந்து வரணும். ரெண்டு நாள் ஆவும்.”

அப்துல் அவளையும் மாடியையும் மாறி மாறிப் பார்த்தான்.

அவள் வாசலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“நீ போ. நான் இங்கியே பாத்துனு இருக்கேன்.”