முந்திரி இலை வெள்ளி

எல்லாவற்றையும் இன்றைக்கே கொன்றுவிட வேண்டும் என்று பேராசிரியர் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

ஜெயசித்ரா கையுறை மாட்டிக்கொண்டு ஆட்டோகிளேவில் தண்ணீர் ஊற்றினாள். இடுப்பு உயரத்துக்கு நிற்கும் பெரிய குக்கர் அது. அதற்குள் போகிற எந்தக் கிருமியும் உயிரோடு திரும்பாது.

நேற்றுதான் வைவா முடிந்து அவளுக்கு டாக்டர் பட்டம் உறுதியாகியிருந்தது. அவளுடைய அலமாரி இனி புதிதாகச் சேர்ந்திருக்கும் மாணவிக்கு.

அவளுடைய அப்பா சாமிதுரை லேப் வாசலை ஒட்டி ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். மகளின் பெட்டி படுக்கையை எடுத்துப் போவதற்காக, கங்கைகொண்ட சோழபுரத்திலிருந்து பஸ் மாறி மாறிப் பெரம்பலூருக்கு வந்திருந்தார். ஹாஸ்டல் அறையைக் காலி செய்தாகிவிட்டது. இந்த ஒரு வேலைதான் பாக்கி.

இத்தனை வருஷத்தில் அவர் காலேஜ் கேட்டைத் தாண்டியதில்லை. தன் முந்திரிக்கொல்லையில் பறித்த கொழுந்து இலைகளை ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு வருவார். வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு அப்படியே திரும்பிவிடுவார்.

“அந்த எலைய வச்சு என்னதாம்மா பண்ணுன?” என்று இன்றைக்குத்தான் கேட்டார்.

அவள் ஒரு குப்பியை எடுத்துக் காட்டினாள். இலையைக் கொதிக்க வைத்து வடிகட்டி, அந்தச் சாற்றை வெள்ளி உப்பு கரைந்த தண்ணீரில் விட வேண்டும். வெறும் தண்ணீர் போலிருப்பது மெல்ல மெல்ல டீ நிறத்துக்கு வரும். கண்ணுக்குத் தெரியாத வெள்ளித் துகள்கள் அதில் உண்டாகியிருக்கும்.

“எந்த மருந்துக்கும் அடங்காத கிருமி இதுக்குச் சாவுதுப்பா.”

சாமிதுரை குப்பியை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். “நம்ம கொல்லை எலையா!” என்றார். முகமெல்லாம் சிரிப்பு.

அவள் சிரிக்கவில்லை.

அந்தக் கிருமியை லேப்பில் வேறு யாரையும் அவள் தொடவிட்டதில்லை. மற்றவர்கள் தங்களுக்கு வேண்டிய கிருமிகளை வெளியிலிருந்து வாங்கிக்கொண்டார்கள். அவளுடையது ஒரு நோயாளியின் புண்ணிலிருந்து வந்தது என்று மட்டும் எல்லோருக்கும் தெரியும். தீபாவளி, பொங்கல் என்று ஊருக்குப் போனாலும், அதைப் புதுத் தட்டுக்கு மாற்றி உயிரோடு வைப்பதற்காகச் சீக்கிரமே திரும்பிவிடுவாள்.

வெள்ளியைச் சுற்றிக் கிருமி முதன்முறையாகச் செத்து, தட்டில் கண்ணாடி போல் ஒரு தெளிந்த வட்டம் விழுந்த அன்று லேப்பே கைதட்டியது. அவள் பாத்ரூமுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு அழுதாள். பாவம், சந்தோஷம் தாங்கவில்லை என்று பேசிக்கொண்டார்கள்.

இப்போது இன்குபேட்டரின் கதவைத் திறந்தாள். கிருமி வளரும் தட்டுகள் உள்ளே அடுக்காக இருந்தன. தித்திப்பாக, திராட்சை அழுகினாற்போல ஒரு வாடை அறைக்குள் பரவியது. ஜூனியர் பெண்கள் இந்த நேரத்தில் துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொள்வார்கள்.

சாமிதுரை ஸ்டூலை விட்டு எழுந்தார்.

யாரோ கூப்பிட்டதுபோல இரண்டெட்டு முன்னால் வந்தார். முகத்தில் சிரிப்பு இல்லை.

“சித்ரா... இது உங்கம்மா காலு வாசமில்ல?”

அவள் கை தட்டுகளின் மேல் அப்படியே நின்றது.

அம்மா அமிர்தவல்லிக்குச் சர்க்கரை வியாதி. கொல்லையில் முந்திரிப் பழம் பொறுக்கும்போது காலில் முள் ஏறியதே அவளுக்குத் தெரியவில்லை. திருச்சி ஆஸ்பத்திரியில் முதலில் விரல்களை எடுத்தார்கள். அப்புறம் பாதத்தை. ஊசி மருந்தை மாற்றி மாற்றிப் போட்டும் புண் கேட்கவில்லை. ஊருக்கு அனுப்பிய பிறகு அதைக் கழுவிக் கட்டியதெல்லாம் சாமிதுரைதான். பெற்ற மகளைக்கூடக் கிட்டே விடமாட்டார்.

அம்மா உயிரோடு இருக்கும்போதே, புண்ணிலிருந்து எடுத்த கிருமியை டாக்டரிடம் கெஞ்சிக் கேட்டு வாங்கி வந்திருந்தாள் ஜெயசித்ரா. எப்படியும் ஒன்றைக் கண்டுபிடித்துவிடலாம் என்று நம்பினாள். குடுவைத் தண்ணீர் முதன்முறையாக டீ நிறத்துக்கு மாறியபோது அம்மாவின் கருமாதி முடிந்திருந்தது. கிருமி மட்டும் இருந்தது. அம்மாவின் உடம்பில் இருந்ததில் உயிரோடு மிஞ்சியது அது ஒன்றுதான்.

இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

“ஆமாப்பா,” என்றாள். “அம்மாகிட்டேருந்து எடுத்ததுதான்.”

அப்பா கத்துவார் என்று நினைத்தாள். பெண்டாட்டியைத் தின்றதை மகள் சோறு போட்டு வளர்த்திருக்கிறாளே என்று கையை ஓங்கினாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றாள்.

சாமிதுரை கையை ஓங்கவில்லை. மூக்கையும் மூடவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஆழமாக இழுத்தார்.

அவள் கதவைச் சாத்தப் போனாள்.

“கொஞ்சம் தொறந்தே இருக்கட்டும்மா.”

திறந்தே வைத்தாள். உள்ளேயிருந்து இதமான சூடு வந்து இருவர் முகத்திலும் பட்டது. மனித உடம்பில் இருக்கிற அதே சூட்டில்தான் அந்தக் கிருமியை வளர்ப்பார்கள்.

பின்னால் ஆட்டோகிளேவ் மூடி திறந்தபடி காத்திருந்தது. தண்ணீர் காயும் சத்தம் கேட்டது.

சாமிதுரை தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். இரண்டு கைகளையும் மகள் முன்னால் நீட்டினார்.

“எனக்கும் ஒரு ஜோடி உறை குடு,” என்றார். “நானே வைக்கிறேன்.”